புது பிஸ்டலில் ஸ்லைடு லீவர் இறங்க மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

கடையில் இருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத பிஸ்டல். ஸ்லைடு, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பாகம், பின்னால் பூட்டி நிற்கிறது. கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தியும் அதை விடுவிக்கும் லீவர் அசையவில்லை. அமெரிக்காவில் முதன்முறை பிஸ்டல் வாங்குபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. சிறிய 9 மி.மீ. பிஸ்டல்களில் இன்னும் அதிகம்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு, கிளாக் 43, சிக் பி365, ஹெல்கேட் எதுவும் விதிவிலக்கில்லை. பெரும்பாலான சமயம் துப்பாக்கியில் பழுதே இருக்காது. ஆனால் பழுது என்று நம்பி அரத்தைக் கையில் எடுத்தால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கிவிடுவோம். ஆகவே முதல் வேலை, இறுக்கம் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலா, ஸ்பிரிங் அழுத்தத்திலா, லீவரிலேயேவா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் 'ஸ்லைடு ரிலீஸ்' என்கிறோம். கிளாக் தன் பாகப் பட்டியலில் 'ஸ்லைடு ஸ்டாப் லீவர்' என்றும், சிக் 'ஸ்லைடு கேட்ச் லீவர்' என்றும் எழுதுகின்றன. ஸ்லைடைப் பிடித்து நிறுத்துவதுதான் அந்தப் பாகத்துக்குக் கொடுத்த முதல் வேலை. கட்டைவிரலுக்கு வசதியாக விடுவிப்பது இரண்டாம்பட்சம். சின்னத் துப்பாக்கிகளில் அந்த லீவரின் காது (விரல் அழுத்தும் முனை) ஏன் அவ்வளவு குட்டியாக, தட்டையாக இருக்கிறது என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

கை வைக்கும் முன்

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். துப்பாக்கி முனையை, தோட்டா பாய்ந்தாலும் தாங்கக்கூடிய திசைக்குத் திருப்புங்கள். விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை மூன்று முறை முழுதாக இழுத்து விடுங்கள். அதன்பின் பின்னால் பூட்டி, தோட்டா ஏறி நிற்கும் அறையான சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். மேகசினைக் கழற்றாமல் ஸ்லைடை இழுத்தால், ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். "காலி பண்ணிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே சுடுபவர்கள் செய்யும் பிழை இதுதான்.

உண்மைத் தோட்டாக்களை வேறு அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள். கீழே வரும் எந்தச் சோதனைக்கும் அவை தேவையில்லை. தேவைப்படுவது அதே அளவுள்ள, வெடிமருந்து இல்லாத ஐந்து டம்மித் தோட்டா, துப்பாக்கி எண்ணெய், பஞ்சுக் குச்சி, பழைய பல் தேய்க்கும் பிரஷ், நல்ல டார்ச். ஸ்குரூடிரைவர், இடுக்கி, சுத்தியல் மேசையில் இருக்கவே கூடாது. லீவரை நெம்பி இறக்கினால் ஸ்லைடு முழு வேகத்தில் பாயும், நடுவில் விரல் இருந்தால் நசுங்கும்.

எந்தப் பகுதிக்குப் போவது: அரை நிமிடச் சோதனை

மேகசின் இல்லாமல் ஸ்லைடைப் பின்னால் பூட்டுங்கள். லீவரை அழுத்துங்கள்.

இறங்கிவிட்டது என்றால் லீவர் நன்றாக இருக்கிறது, வம்பு மேகசினில். அறிகுறி 1.

இறங்கவில்லை என்றால், மறு கையால் ஸ்லைடை இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். லீவர் தானாகவோ, தொட்டவுடனோ இறங்கினால் அது ஸ்பிரிங் அழுத்தமும் உராய்வும். அறிகுறி 2.

ஸ்லைடை இழுத்துப் பிடித்த பிறகும் லீவர் முரண்டு பிடித்தால் லீவர் எங்கோ சிக்கியிருக்கிறது. அறிகுறி 3. இது ஒன்றுதான் உடனே கவனிக்க வேண்டியது.

அறிகுறி 1: காலி மேகசின் உள்ளே இருந்தால் மட்டும் இறங்காது

இது பழுதே இல்லை, துப்பாக்கி தன் வேலையைச் செய்கிறது. கடைசித் தோட்டா போனதும் மேகசினுக்குள் தோட்டாக்களைத் தாங்கும் தட்டான ஃபாலோயர் மேலே வந்து லீவரின் உள்காதை முட்டித் தூக்குகிறது. அதனால்தான் ஸ்லைடு திறந்தே நிற்கிறது. இப்போது கட்டைவிரலால் அழுத்தும்போது, ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தரும் உராய்வோடு மேகசின் ஸ்பிரிங்கையும் சேர்த்து எதிர்க்கிறீர்கள். புது மேகசின் ஸ்பிரிங் என்றால் கேட்கவே வேண்டாம்.

கடை மேசையில் துப்பாக்கியைக் காட்டும்போது பெரும்பாலும் காலி மேகசினைப் போட்டுத்தான் நீட்டுவார்கள். அங்கேயே "ஐயோ, இது ரொம்ப டைட்" என்ற முடிவு பிறந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது: மேகசினைக் கழற்றி மறுபடி அழுத்துங்கள். அல்லது இரண்டு டம்மி போட்ட மேகசினைச் சொருகி அழுத்துங்கள். இரண்டிலும் இறங்கினால் கதை முடிந்தது. காலி மேகசினோடு வலுக்கட்டாயமாக இறக்கிப் பழக வேண்டாம். பிளாஸ்டிக் ஃபாலோயரின் படி தேயும், ஸ்லைடின் பள்ள விளிம்பும் தேவையில்லாமல் அரைபடும்.

*டம்மி போட்ட மேகசினிலும் இறங்கவில்லையா?* மேகசின் இல்லாமல் இறங்கி, டம்மி போட்டதில் இறங்கவில்லை என்றால், மேலிருக்கும் தோட்டாவின் குண்டு முனை லீவரின் உள்காதைத் தொடுகிறதா என்று டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். அகலமான முனை கொண்ட குண்டுகளிலும், வேறு நிறுவனம் செய்த மேகசின்களிலும் இது நடக்கும். துப்பாக்கியோடு வந்த மேகசினைப் போட்டு ஒப்பிடுங்கள். அதில் சரியாக இருந்தால் மற்றதைப் பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி 2: மேகசின் இல்லாமலும் இறங்காது, ஸ்லைடைச் சற்று இழுத்தால் இறங்கிவிடும்

புதுத் துப்பாக்கிகளில் அதிகம் காண்பது இதைத்தான். ஸ்லைடின் கீழ் விளிம்பில் ஒரு பள்ளம். அதற்குள் லீவரின் தோள் நிற்கிறது. ரீகாயில் ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளத் தள்ள, பள்ளத்தின் சுவர் லீவரை நெரிக்கிறது. துப்பாக்கி சிறியதாக ஆக, ஸ்லைடு இலகுவாகவும் ஓடும் தூரம் குறைவாகவும் ஆகிவிடும். அதே 9 மி.மீ. தோட்டாவின் உதையைத் தாங்க ஸ்பிரிங் கடினமாக இருந்தே தீர வேண்டும். கிளாக் 43, பி365 இரண்டிலும் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங் இருப்பது இதனால்தான். பெரிய கிளாக் 17ல் எளிதாக இறங்கும் லீவர் குட்டி மாடலில் அப்படி இறங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் பயனில்லை.

எளிதானதிலிருந்து செலவானதை நோக்கிப் போகலாம்.

*கட்டைவிரல் நிற்கும் இடம்.* லீவர் முன்பக்கத்தில் ஒரு ஆணியைச் சுற்றித்தான் சுழல்கிறது. ஆணியிலிருந்து எவ்வளவு தள்ளி அழுத்துகிறோமோ அவ்வளவு எளிது. எனவே காதின் பின்முனையில் கட்டைவிரலின் சதைப்பகுதியை வைத்து, நேராகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். பலர் அறியாமலே உள்நோக்கி, அதாவது துப்பாக்கியின் அடிச்சட்டமான ஃபிரேமை நோக்கி அழுத்துவார்கள். அப்போது லீவர் ஃபிரேமில் உரசிப் பாதிப் பலம் அங்கேயே போய்விடும். துப்பாக்கி பிடித்த கையின் விரல் எட்டவில்லை என்றால் பிடியை முறுக்காமல் மறு கையின் கட்டைவிரலைப் பயன்படுத்துங்கள். இடது கைக்காரர்கள் ஆள்காட்டி விரலால் இறக்கலாம், அல்லது இருபக்க லீவர் உள்ள மாடலைத் தேடலாம். கிளாக் ஐந்தாம் தலைமுறையில் அப்படித்தான் வருகிறது.

*எண்ணெய்.* தொழிற்சாலையிலிருந்து வரும் பூச்சு, துரு பிடிக்காமல் இருக்கப் பூசியது. எல்லாமே ஓட்டத்துக்கான எண்ணெய் அல்ல. கையேட்டில் உள்ளபடி பிரித்து, துடைத்து, புது எண்ணெய் விடுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. புது கிளாக் ஸ்லைடின் உள்ளே செம்பு நிறக் கிரீஸ் இருக்கும். அதைத் துடைக்க வேண்டாம் என்று கிளாக்கே கையேட்டில் சொல்கிறது. லீவரைப் பொறுத்தவரை, ஸ்லைடு பள்ளத்தின் சுவரில் ஒரே ஒரு சொட்டை பஞ்சுக் குச்சியால் தொட்டு வைத்தால் போதும். ஸ்லைடு ஓடும் தண்டவாளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. இதற்கு மேல் ஊற்றுவது தூசிக்கு விருந்து வைப்பது.

பிரிக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. கிளாக் உட்படச் சில பிஸ்டல்களில் ஸ்லைடைக் கழற்ற விசையை இழுக்க வேண்டியிருக்கும். சேம்பர் காலி என்பதை மறுபடி கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, பாதுகாப்பான திசை பார்த்து இழுங்கள்.

*புது ஸ்பிரிங்.* கம்பிச் சுருள் முதல் சில நாட்களில் கொஞ்சம் அமரும். மேகசினைக் கழற்றி, காலி என உறுதி செய்து, ஸ்லைடைப் பின்னால் பூட்டி இரண்டு மூன்று நாள் பெட்டகத்தில் பூட்டி வையுங்கள். ஸ்பிரிங் கெட்டுவிடாது. ஸ்பிரிங்கைத் தேய வைப்பது திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதுதான், அமுங்கியபடி இருப்பது அல்ல. பெரிய மாயம் நடக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான்.

*பழக்கம்.* புது லீவரும் புதுப் பள்ளமும் ஒன்றையொன்று இன்னும் தேய்த்துக்கொள்ளவில்லை. அதற்கு வழி, டம்மியோடு பயிற்சி: ஸ்லைடைப் பூட்டி, ஒரு டம்மி போட்ட மேகசினைச் சொருகி, லீவரை அழுத்தி விடுங்கள். மேகசினைக் கழற்றி, டம்மியை வெளியேற்றி, மறுபடி பூட்டுங்கள். தினமும் இருபது முறை என ஐந்து நாள் செய்தால் நூறு ஆகிவிடும். டம்மியின் அடி விளிம்பு பிய்ந்துபோனால் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்டிராக்டர் பிடிக்காமல் அது சேம்பரில் தங்கிவிடும். டம்மி இல்லாமல் வெறும் சேம்பரில் திரும்பத் திரும்ப ஸ்லைடை அடிக்க விடுவது நல்லதல்ல. எதிர்ப்பே இல்லாமல் முழு வேகத்தில் போய் மோதும். 1911 என்ற பழைய பிஸ்டல் வகையில், அதுவும் விசை இலகுவாக்கப்பட்டதில், ஹேமரை (தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தி) பிடித்து நிறுத்தும் சியரின் முனைக்கே அடி விழும்.

இதோடு சுடுகளத்தில் இருநூறு தோட்டா போன பிறகு பள்ளத்தின் சுவரைப் பாருங்கள். மெல்லிய பளபளப்பான கோடு ஒன்று தெரிந்தால் எல்லாம் சரியாகப் போகிறது. மூலை நொறுங்கியோ, உலோகம் மடிந்து உதடு போலத் துருத்தியோ இருந்தால் அது வேறு விஷயம், நிறுத்துங்கள்.

*பிசிறு.* சில லீவர்களின் தோளில் தயாரிப்பின்போது விட்டுப்போன கூரிய பிசிறு இருக்கும். நகத்தை மெதுவாக ஓட்டினால் மாட்டும். பஞ்சுக் குச்சியை ஓட்டினால் நூல் சிக்கும். இதைப் பார்ப்பதோடு உங்கள் வேலை முடிகிறது. லீவர் விலை சில பத்து டாலருக்குள். உத்தரவாதக் காலத்தில் தயாரிப்பாளரிடம் கேட்டால் பலர் புதிதை அனுப்பிவிடுவார்கள்.

அரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. காணொளிகளில் பள்ளத்தின் சுவரை அரம் போட்டு 'மென்மையாக்கி'க் காட்டுவார்கள். பள்ளம் இருக்கும் ஸ்லைடுதான் துப்பாக்கியிலேயே விலை கூடிய பாகம், அதன் மேற்பரப்பு கடினமாக்கப்பட்டது. கோணம் ஒரு பாகை மாறினாலும் லீவர் தன்னால் வழுக்கத் தொடங்கும். ஸ்லைடு எப்போது பாயும் என்று யாருக்கும் தெரியாது. மேகசினைச் சொருகும் கணத்தில் பாய்ந்தால் கேட்காமலே ஒரு தோட்டா சேம்பரில் ஏறியிருக்கும். லீவரைக் கெடுத்தால் சில டாலர்தான். ஸ்லைடைக் கெடுத்தால் பல நூறு டாலர், உத்தரவாதமும் போச்சு.

*ஸ்பிரிங் மாற்றியிருக்கிறீர்களா?* பழைய உரிமையாளரோ கடையோ கடினமான ஸ்பிரிங் போட்டிருக்கலாம். ஐந்து அங்குல .45 1911க்கு வழக்கமான அளவு 16 பவுண்டு. அதில் 20 பவுண்டு கிடந்தால் லீவர் இறுகத்தான் செய்யும். மறுபக்கம், எளிதாக இருக்கட்டும் என்று ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இலகுவாக்கினால் ஸ்லைடு ஃபிரேமில் அடிக்கும், தோட்டா ஏற்றாது. தயாரிப்பாளர் சொன்ன ஸ்பிரிங்குக்கே திரும்புங்கள்.

இவ்வளவும் செய்து பிடிக்கவில்லை என்றால், நீண்ட காது கொண்ட லீவர் ஒரு வழி. கிளாக் 34 போன்ற போட்டி மாடல்களில் தொழிற்சாலையிலேயே அந்த நீண்ட லீவர்தான் வருகிறது. அதன் தொல்லை அறிகுறி 7ல்.

அல்லது லீவரையே தொடாமல் இருக்கலாம். மறு கையால் ஸ்லைடின் மேல்பகுதியைப் பிடித்துப் பின்னால் இழுத்து விட்டுவிடுங்கள். சின்னத் துப்பாக்கிக்காரர்களுக்கு முதல் நாளிலிருந்தே இதைத்தான் சொல்ல வேண்டும். வால்தர் பிபிகேயில் வெளியே லீவரே கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் மூடுகிறார்கள்.

அறிகுறி 3: ஸ்லைடை இழுத்துப் பிடித்தாலும் லீவர் சிக்குகிறது

இங்கே ரீகாயில் ஸ்பிரிங்கைக் குறை சொல்ல முடியாது. லீவர் ஃபிரேமுக்குள் எங்கோ மாட்டியிருக்கிறது. சுடக் கூடாது, காரணம் தெரியும்வரை.

ஸ்லைடைக் கழற்றி வெறும் ஃபிரேமைக் கையில் எடுங்கள். லீவரை விரலால் மேலே தூக்கி விடுங்கள். லேசாக ஏறி, விட்டதும் 'டக்' என்று தானே கீழே விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினாலோ மேலேயே நின்றாலோ சிக்கல் உறுதி. லீவர் தனியாகக் கழன்று வரும் 1911, சிஇசட் 75 வகைகளில் இந்தச் சோதனை செல்லாது. அவற்றுக்குக் கீழே தனியாக.

முதலில் வெளியே பாருங்கள். பிடிக்கு மேல் மாட்டிய ரப்பர் உறையின் விளிம்பு லீவரின் அடியில் நுழைந்திருக்கிறதா? ஒட்டும் கிரிப் தாள் சற்று மேலே ஏறியிருக்கிறதா? உறையை உருவி எடுத்துவிட்டு மறுபடி சோதித்தால் தெரிந்துவிடும். சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்தப் பிரிவில் அதிகம் அகப்படும் குற்றவாளி அந்த ரப்பர் உறைதான்.

அடுத்து அழுக்கு. லீவருக்கும் ஃபிரேமுக்கும் இடையே பழைய எண்ணெய் கோந்தாக இறுகியிருக்கலாம். பிரஷும் கரைப்பானும் போட்டுத் தேய்த்து, உலரவிட்டு, பிறகு தொட்டும் தொடாததுமாக எண்ணெய்.

பிறகு ஆணிகள். கிளாக்கில் லீவர், விசை ஆணியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆணி ஒருபக்கம் நகர்ந்திருந்தால் லீவர் சாய்ந்து ஃபிரேமில் உரசும். இரண்டு பக்கமும் ஆணி ஒரே அளவில் இருக்கிறதா என்று ஒளிக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

யாராவது ஃபிரேமை முழுதாகப் பிரித்துக் கோத்திருந்தால் அடுத்த சந்தேகம் லீவர் ஸ்பிரிங். பழைய தலைமுறை கிளாக்குகளில் லீவரோடு ஒட்டிய அந்த மெல்லிய கம்பி, ஃபிரேமுக்குள் இருக்கும் லாக்கிங் பிளாக் என்ற கட்டைக்கு அடியில் போய் அமர வேண்டும். மேலே மாட்டிவிட்டால் லீவரைக் கீழே தள்ள ஆள் இல்லை. அது மேலேயே நின்று, தோட்டாக்கள் மீதமிருக்கும்போதே ஒவ்வொரு சுடலுக்கும் ஸ்லைடு பூட்டிக்கொள்ளும். துப்பாக்கியைப் பிரித்துக் கோத்த மறுநாள் இந்த அறிகுறி வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

மேலே பூச்சு அடித்த துப்பாக்கி என்றால் இன்னொரு காரணம் சேரும். செராகோட் போன்ற பூச்சு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் தடித்திருக்கும். லீவரிலும் ஃபிரேமிலும் இரண்டு பக்கமும் சேர்ந்தால் இருந்த இடைவெளி போய்விடும். பூச்சு அடித்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர்கள் மறைப்பு ஒட்ட மறந்த இடம் அது.

*1911 வகையில்:* ஸ்லைடு ஸ்டாப்பின் ஆணிதான் பேரல் (குழல்) இணைப்பையும் தாங்குகிறது. அதன் பின்பக்கத்தை ஸ்பிரிங் வைத்த சிறு முளை ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும். கோக்கும்போது லீவரை வளைவாகத் திருப்பி உள்ளே தள்ளினால் ஃபிரேமில் பிறைபோல ஒரு கீறல் விழும். அமெரிக்கர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'முட்டாள் கீறல்'. முளை இருக்கும் குழாய் ஃபிரேமிலிருந்து தளர்ந்து ஆடினால், விரலால் அசைத்தாலே தெரியும், நேராக கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்). அதைத் திரும்ப இறுக்கத் தனிக் கருவி வேண்டும்.

லீவரே வளைந்திருக்கிறது என்று தெரிந்தால் நிமிர்த்தப் பார்க்க வேண்டாம். புதிது மாற்றுங்கள்.

அறிகுறி 4: லீவர் இறங்குகிறது, ஆனால் ஸ்லைடு முழுதாக மூடுவதில்லை

பூட்டி நிற்கும் இடத்துக்கும் ஸ்லைடு போகக்கூடிய கடைசி இடத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இருக்கிறது. லீவரால் விடும்போது அந்தச் சில மில்லிமீட்டர் ஸ்பிரிங் பலம் கிடைக்காது. புதிய, உலர்ந்த துப்பாக்கியில் நிரம்பிய மேகசினோடு அது போதாமல் போகலாம். கையால் இழுத்து விட்டுப் பாருங்கள். அதில் முழுதாக மூடினால், எண்ணெயும் இருநூறு தோட்டாப் பழக்கமும் போதும்.

கையால் இழுத்தும் மூடவில்லையா? விடும்போது கை ஸ்லைடோடு சேர்ந்து முன்னால் போகிறதா என்று பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லைடை வழியனுப்பக் கூடாது, சட்டென்று விட்டுவிட வேண்டும். அதுவும் சரி என்றால் சேம்பர் அழுக்கு, தரமற்ற தோட்டா என்று வரிசையாகப் போக வேண்டும். மூன்று வகைத் தொழிற்சாலைத் தோட்டாவிலும் இதே நிலை என்றால் தயாரிப்பாளரிடம்.

அறிகுறி 5: லீவர் இருக்கட்டும், ஸ்லைடையே இழுக்க முடியவில்லை

பாதுகாப்புப் பூட்டு போட்டிருக்கிறதா? 1911ல் அது போட்டிருந்தால் ஸ்லைடு அசையாது. ஹேமர் வெளியே தெரியும் துப்பாக்கி என்றால் முதலில் ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்துங்கள், இழுவையில் ஒரு பெரும் பகுதி அங்கேயே குறைந்துவிடும். பிறகு முறை: ஸ்லைடைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனியால் கிள்ளாமல் உள்ளங்கை முழுவதும் பதியப் பிடித்து, மார்புக்கு அருகே கொண்டுவந்து, ஸ்லைடு பிடித்த கையை அசைக்காமல் துப்பாக்கிப் பிடியை முன்னால் தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவதில் நமக்குப் பலம் அதிகம். இதைச் செய்யும்போது முனை இடதுபக்கம் திரும்பிப் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கும், கவனம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஷீல்டு ஈஇசட் போல இழுவை குறைந்த மாடல்கள் இருக்கின்றன. கையோடு சண்டை போடுவதைவிடத் துப்பாக்கியை மாற்றுவது மேல்.

அறிகுறி 6: மேகசினை அடித்துச் சொருகினால் ஸ்லைடு தானே பாய்கிறது

ஓங்கித் தட்டினால் மட்டும் நடக்கிறது என்றால் பல பிஸ்டல்களில் காணும் இயல்புதான். அதிர்ச்சியில் லீவர் ஒரு கணம் துள்ளுகிறது. வசதியாக இருக்கிறதே என்று அதை நம்பிப் பழகாதீர்கள், சில சமயம் தோட்டாவை எடுக்காமலே மூடிவிடும். மெதுவாகச் சொருகினாலும் பாய்ந்தாலோ, சும்மா பூட்டி மேசையில் வைத்தது தானே மூடினாலோ பள்ளமோ லீவரின் தோளோ மழுங்கிவிட்டது. யாரோ அரம் போட்ட பழைய துப்பாக்கியிலும் இதே அடையாளம். இனி சுடாமல் எடுத்துப் போங்கள்.

அறிகுறி 7: நீண்ட லீவர் போட்ட பிறகு புதுத் தொல்லை

கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு திறந்து நிற்கவில்லை என்றால் கட்டைவிரல் லீவரின் மேல் படுத்திருக்கிறது. நடுவிலேயே பூட்டிக்கொள்கிறது என்றால் மறு கையின் விரல் அதைக் கீழிருந்து தூக்குகிறது. உறுதி செய்ய, அடுத்த மேகசினை இரண்டு கட்டைவிரலையும் வேண்டுமென்றே தள்ளி வைத்துச் சுடுங்கள். தொல்லை போனால் பிடியை மாற்றுங்கள், இல்லை பழைய லீவரைத் திரும்பப் போடுங்கள். பிடியை மாற்றுவதைவிட லீவரை மாற்றுவது பலருக்கு எளிது.

எப்போது கன்ஸ்மித்திடம், எப்போது தயாரிப்பாளரிடம்

முந்நூறு தோட்டாவுக்குப் பிறகும் அறிகுறி 2 குறையவில்லை. அறிகுறி 3ல் உறை, அழுக்கு, ஆணி எல்லாம் பார்த்தும் லீவர் தானே விழவில்லை. பள்ளத்தின் மூலை நொறுங்கியிருக்கிறது, எங்காவது விரிசல் தெரிகிறது. அறிகுறி 6 எந்த வடிவிலும், ஓங்கித் தட்டியதைத் தவிர. இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

துப்பாக்கி புதிது என்றால் முதல் அழைப்பு தயாரிப்பாளருக்கு. அமெரிக்காவில் உரிமையாளர் பழுதுபார்க்கத் தயாரிப்பாளருக்கு நேரடியாக அனுப்பலாம், அவர்களும் சரிசெய்து நேரடியாக வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம், நடுவில் கடை தேவையில்லை. அனுப்பும் சீட்டை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். கூரியர் நிறுவனங்களின் கைத்துப்பாக்கி விதிகளில் நீங்கள் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். மாநிலச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் உரிமம் பெற்ற பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் "ஒரு லீவர்தானே அண்ணே" என்று நீட்டினால் இருவருக்கும் வழக்கு.

அனுப்பும் பெட்டியில் மேகசின்களையும் வையுங்கள், தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. கூடவே ஒரு தாளில் மூன்று வரி: மேகசின் இல்லாமல் லீவர் இறங்குகிறதா, ஸ்லைடை இழுத்துப் பிடித்தால் இறங்குகிறதா, இதுவரை எத்தனை தோட்டா, எந்த வகை. "ரொம்ப டைட்டாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால், அங்கே இருப்பவர் பழகிய கட்டைவிரலால் ஒரே அழுத்தில் இறக்கிவிட்டு, 'பழுது எதுவும் காணப்படவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்.